பவர்: மைனஸ் இரண்டே கால்

பகடையை உருட்டுவதற்கு முன் அதன்மேல் ஒரு முறை ஊதி, மூக்குக் கண்ணாடி துடைக்கிற துணியால் ஆறு பக்கத்தையும் துடைத்துவிட்டுத்தான் கையில் எடுத்துக் குலுக்குவாள். எதிரே உட்கார்ந்திருக்கும் பிளம்பருக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். "நீ தொடைச்சு முடிக்கிறதுக்குள்ள வில்லன் ஊரைக் கொளுத்திட்டு வீட்டுக்குப் போயிருவான்" என்பார். அவள் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள்.

கண்ணாடிக்காரி என்றுதான் தெருவில் எல்லோரும் கூப்பிடுவார்கள். பதினோரு வருடமாக மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறாள். யார் எதிரே வந்தாலும் முகத்தைப் பார்க்க மாட்டாள். ஃபிரேம் கோணியிருக்கிறதா என்றுதான் பார்ப்பாள். ஒரு நாள் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரின் கண்ணாடியை, "ஒரு நிமிசம் குடுங்க சார்" என்று கழற்றி வாங்கி நிமிர்த்திக் கொடுத்திருக்கிறாள். முன்பின் தெரியாத மனிதர். அவளைத் திட்டுவதா, கையெடுத்துக் கும்பிடுவதா என்று தெரியாமல் இறங்கிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. மதியச் சாப்பாடு முடிந்ததும் கடையின் பின்னறை மேஜையில் ஆட்டம் தொடங்கிவிடும். மருந்துக்கடைக்காரர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு சூப்பர் ஹீரோவைச் சொந்தமாக உருவாக்கி, அந்த ஹீரோவாகவே பேசி, பகடை விழுகிறபடி ஜெயிக்க வேண்டும், இல்லையென்றால் உதை வாங்க வேண்டும். புது ஹீரோ வேண்டுமென்றால் ஒரு தாளை நிரப்பித் தர வேண்டும். பெயர், பவர், பலவீனம் என்று கட்டங்கள் இருக்கும். பிளம்பரின் ஹீரோ தண்ணீராக மாறிக் குழாய் வழியாகப் போவான். அவர் யோசனை அவ்வளவுதான், பாவம்.

நாலு வாரத்துக்கு முன் அவளுடைய பழைய ஹீரோ செத்துப்போனாள். புதுத் தாள் கைக்கு வந்தது. 'பவர்' என்று போட்டிருந்த கட்டத்தைப் பார்த்ததும் பதினோரு வருடப் பழக்கம் முந்திக்கொள்ள, மளமளவென்று 'மைனஸ் 2.25' என்று எழுதி நீட்டிவிட்டாள். பிளம்பர் சிரித்த சிரிப்பில் அவருக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது.

மருந்துக்கடைக்காரர் சிரிக்கவில்லை. "இருக்கட்டும்மா, நல்லாத்தான் இருக்கு. மைனஸ்னா இவகிட்டருந்து ஏதோ கொறையணும். கொறையறது எங்க போகும்?"

"பக்கத்துல சாகக் கெடக்கிறவங்களுக்கு" என்றாள். சொன்ன பிறகுதான் யாரைச் சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது.

இரண்டு வருடத்துக்கு முன் அவளுடைய சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டபோது, அக்கா தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். அன்றிலிருந்து அவளிடம் ஒரு நன்றி சொல்லக் கண்ணாடிக்காரி படாத பாடு படுகிறாள். பேச்சை எடுத்தாலே அக்காவுக்கு அடுப்பில் ஏதாவது தீய்ந்துவிடும். "எங்கிட்ட ரெண்டு இருந்துச்சு, ஒண்ணு குடுத்தேன். விடுடி" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். ஆஸ்பத்திரியிலேயே ஒரு முறை சொல்லப்போனதற்கு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வார்டை விட்டே நடந்து போய்விட்டாள் மகராசி. சொல்லாமலேயே ஒரு நாள் போய்ச் சேர்ந்துவிடுவோமோ என்ற பயம் தங்கைக்கு உண்டு.

அதனால் அந்தத் தாளை மூன்று வாரமாக அழித்து அழித்து எழுதினாள். ஹீரோவின் பெயர் மைனஸ். முகமூடி கிடையாது. பறக்கத் தெரியாது, பஸ் பிடித்துத்தான் வருவாள். விலாவுக்குக் கீழே ஒரு தழும்பு. பலவீனம் என்ற கட்டம் மட்டும் போன ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் நிரம்பியது.

அன்று மதியம் ஆட்டத்துக்கு நடுவே அக்காவே வந்து நின்றாள். கண்ணாடியின் கால் கழன்றுவிட்டதாம். தங்கை அதை வாங்கி ஸ்க்ரூவை முடுக்க உட்கார்ந்தாள். கண்ணாடி இல்லாவிட்டால் அக்காவுக்கு எதிரே நிற்பது ஆளா பீரோவா என்று தெரியாது. சும்மா இருக்க முடியாமல் மேஜையைத் தடவி அந்தத் தாளை எடுத்தாள்.

"என்னடி எழுதி வச்சிருக்க? படி, கேப்போம்."

கண்ணாடிக்காரி ஸ்க்ரூவைக் கடைசிச் சுற்று முடுக்கினாள். தாளை வாங்கிக்கொண்டாள்.

"பேரு மைனஸ். தன்கிட்ட இருக்கிறதைப் பிச்சுக் குடுத்து, படுத்துக் கெடக்கிறவங்களை எழுப்பி நடக்க விடுவா. ஒரு நாளும் சொல்லிக் காட்ட மாட்டா." கடைசிக் கட்டத்துக்கு வந்தாள். "பலவீனம், யாராவது நன்றி சொன்னா எந்திரிச்சு ஓடிருவா."

பிளம்பர் குலுக்கிக்கொண்டிருந்த பகடையைக் கீழே வைத்தார். மருந்துக்கடைக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு ஓடாதக்கா. உன்னாலதான் நான் இங்க உக்காந்து வெளையாடிட்டு இருக்கேன். ரொம்ப நன்றிக்கா."

சொல்லியே விட்டாள். ஒரு வழியாகப் பெருமூச்சு விட்டு, முடுக்கிய கண்ணாடியை அக்காவின் கையில் வைத்தாள்.

அக்கா அதை மாட்டிக்கொண்டாள். மேஜை தெரிந்தது, தங்கையின் முகம் தெரிந்தது, அவளுக்குப் பின்னால் வாசலும் பளிச்சென்று தெரிந்தது. "நான் வந்து..." என்று ஏதோ ஆரம்பித்தாள். பிறகு தோளில் கிடந்த பையை இறக்கி, காலியாக இருந்த நாற்காலியில் மாட்டினாள்.