வட்டியை விட்டுவிட்டுப் போட்ட கணக்கு

ஒரு குடும்பத்தை நான் ஏமாற்றினேன். என் பேரனின் கல்லூரிக் கட்டணத்தைக் குறைத்துக்கொள்வதற்காக, என்னை நம்பி யோசனை கேட்க வந்த ஒருவரின் மகளை, அவர்களால் தாங்க முடியாத ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் சேரவைத்தேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. முப்பத்து நான்கு வருடம் வங்கியில் வேலை பார்த்தவன். கல்விக் கடன் என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியும்.

சமயநல்லூர்ப் பக்கம் ஒரு கிளையில் மேலாளராக இருந்தபோது அவர் எனக்குப் பழக்கம். அவருக்கு வாடிப்பட்டியிலிருந்து உள்ளே தள்ளிய ஊர். அவருடைய அப்பாவும் தாத்தாவும் பிறர் வயலில் கூலி வேலை செய்தவர்கள். இவர் கொத்தனாராகவும் மனைவி சித்தாளாகவும் இருபது வருடம் உழைத்து ஒரு ஏக்கர் நஞ்சை வாங்கினார்கள். பத்திரம் பதிந்த அன்று வங்கிக்கு வந்து என் மேஜையில் லட்டுப் பெட்டியை வைத்தார். "நம்ம வரப்புல நின்னு பாத்தேன் சார், காலு கூசுது" என்றார். அவர்கள் குடும்பத்தில் சொந்த நிலத்தில் கால் வைத்த முதல் ஆள் அவர்.

நான் ஓய்வு பெற்றுக் கோச்சடையில் மகளோடு இருந்தேன். பேரன் பன்னிரண்டாம் வகுப்பில் சுமாரான மதிப்பெண் வாங்கியிருந்தான். அவனை அந்தப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் படிக்கவைக்க மகளுக்கு ஆசை. நான் ஒரு தாளில் கணக்குப் போட்டேன். நான்கு வருடக் கட்டணம், பஸ் கட்டணம், கடன் வாங்கினால் படிக்கும் காலத்திலேயே ஏறும் வட்டி, எல்லாவற்றையும் எழுதினேன். அங்கே படித்து முடித்த இரண்டு பையன்களின் அப்பாக்களுக்குப் போன் போட்டு, முதல் வேலையில் என்ன சம்பளம் என்று கேட்டேன். ஒருவன் பன்னிரண்டாயிரம், இன்னொருவன் பதினைந்தாயிரம். தாளின் அடியில் 'கட்டாது' என்று எழுதி மகளிடம் கொடுத்தேன். அவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்தப் பல்கலைக்கழகத்தின் அட்மிஷன் பிரிவில் இருந்தவர் என் பழைய வாடிக்கையாளர். கட்டணத்தைக் குறைக்க முடியுமா என்று அவரிடம் போய்க் கேட்டேன். "மூணு பேரச் சேத்துவிடுங்க சார், பேரனுக்கு நாலு வருசமும் பாதிப் பீஸ்" என்றார். இரண்டு பேர் உடனே கிடைத்தார்கள். ஜவுளிக்கடை வைத்திருந்த அண்ணன் தம்பி இருவரின் மகன்கள். அவர்கள் எப்படியும் அங்கேதான் சேர்ந்திருப்பார்கள். மூன்றாவது ஆள் அமையவில்லை. அந்த வாரத்தில்தான் கொத்தனார் மகளைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

பெண் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். என் பேரனைவிட மிக அதிகம். பொதுக் கவுன்சிலிங்கில் போனால் அரசுக் கல்லூரி கிடைக்கக்கூடிய மதிப்பெண்.

"எத எடுக்கலாம்னு நீங்கதேன் சொல்லணும் சார். எம்புட்டு ஆகும், முடிச்சா எம்புட்டு வரும். எங்களுக்கு என்ன தெரியும்" என்றார் அவர்.

பெண் குறுக்கிட்டாள். "கவுன்சிலிங்ல போனா மொதல் பட்டதாரிச் சலுகை இருக்குன்னு ஸ்கூல்ல சொன்னாங்க சார். ஸ்காலர்ஷிப்பும் வருமாம்."

அவள் சொன்னது அத்தனையும் சரி. நான் சொன்ன பதில் இது: "வரும்மா. ஆனா கம்ப்யூட்டர் கிடைக்காது, சிவில்தான் கிடைக்கும். நீயும் கட்டடத்துல வெயில்ல நிக்கணுமா?"

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "அது எங்களோட போகட்டும் சார்" என்றார். அந்த இடத்தில் விஷயம் முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அவர்களுடைய பாடு எதுவோ அதைத் தொட்டு நான் அவர்களைத் தள்ளினேன்.

பிறகு அவர்களுக்காக இன்னொரு தாளில் கணக்குப் போட்டேன். கட்டணத்தை எழுதினேன். ஒன்பது லட்சம் கடன், அதற்கு நிலம் ஈடு. சம்பளம் என்ற இடத்தில் ஐம்பதாயிரம் என்று எழுதினேன். அது அந்தப் பல்கலைக்கழகத்தின் விளம்பரத்தில் சிரித்துக்கொண்டிருந்த ஒரே ஒரு பையனின் சம்பளம். படிக்கும் காலத்து வட்டியை எழுதவே இல்லை. மகளுக்குப் போட்ட தாளில் முதலில் எழுதிய வரி அதுதான். அவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "நீங்க போட்டுக் குடுத்தா சரித்தேன் சார், வாரோம்" என்று கிளம்பினார்.

மறுநாள் முன்பணமாக ஐம்பதாயிரம் கட்டினார்கள். பல்கலைக்கழகத்தில் அசல் சான்றிதழ்களையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். எங்கள் பக்கத்தில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வருகிறவர்கள் செய்யும் பிழை இது. கேட்டவுடன் அசலைக் கொடுத்துவிடுவார்கள். கொடுத்த பிறகு வேறு எங்கும் போய்ச் சேர முடியாது.

ஒன்றரை மாதம் கழித்து அந்தப் பெண் போன் செய்தாள். எங்கள் பேச்சுக்குப் பிறகும் அவள் கவுன்சிலிங்கில் பதிந்திருக்கிறாள். அரசுக் கல்லூரியில் இடம் வந்திருந்தது. சிவில் இல்லை, எலக்ட்ரானிக்ஸ். "சர்ட்டிபிகேட்டத் திருப்பி வாங்கிக் குடுக்க முடியுமா சார்?" என்றாள். என்னால் முடிந்திருக்கும். ஒரு நாள் அலைந்து சண்டை போட்டால் வாங்கியிருக்கலாம். போவது அந்த ஐம்பதாயிரத்தோடு போயிருக்கும். "கட்டுன பணம் போயிரும்மா" என்று மட்டும் சொன்னேன். "சரிங்க சார்" என்று போனை வைத்துவிட்டாள்.

என் பேரனும் அவளும் ஒரே வகுப்பு. நான்கு வருடம் ஓடியது. வளாக நேர்காணலில் நல்ல நிறுவனங்கள் ஒன்றிரண்டு பேரை எடுத்துக்கொண்டு போயின. அவளுக்குக் கிடைத்தது கப்பலூர்ப் பக்கம் ஒரு அலுவலகத்தில் பதினான்காயிரம் ரூபாய் வேலை. பேரனுக்கு அதுவும் கிடைக்கவில்லை. படிப்பு முடிந்து ஒன்றரை வருடம் ஆனபோது, ஒரு நாள் சாப்பிடும்போது அவன் சாதாரணமாகச் சொன்னான்: "எனக்கு வேலை இல்லாட்டியும் நமக்குப் பெரிய நஷ்டம் இல்ல தாத்தா, பாதிப் பீஸ்தானே. அந்தப் புள்ள வீட்டுக்குத்தான் பேங்க் நோட்டீஸ் வந்துருக்காம். கிளாஸ் குரூப்ல பேசிக்கிட்டாங்க."

ஒன்பது லட்சம் வட்டியோடு பன்னிரண்டைத் தொட்டிருக்கும் என்று மனம் தானாகக் கணக்குப் போட்டது. தவணையே பதினாறாயிரம் வரும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஊருக்குப் போனேன். மூன்று பேரும் வீட்டில் இருந்தார்கள். கணக்கில் எதை மறைத்தேன், ஏன் மறைத்தேன், பேரனுக்கு எவ்வளவு குறைந்தது என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

பெண்தான் முதலில் கேட்டாள். "வட்டிய மறந்துட்டீங்களா சார், விட்டுட்டீங்களா?"

"விட்டுட்டேம்மா."

அவளுடைய அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "பேங்க்கு சாரு கணக்குன்னு ஊரெல்லாம் பெருமையாச் சொன்னாரு இந்த மனுசன். நாலு பேரு, புள்ளைய அங்க அனுப்பலாமான்னு எங்ககிட்டல்ல கேட்டாக. நல்ல வேள, அவுகளுக்குப் பணமில்ல" என்றார். சிரிப்பது போலத் தொடங்கிய பேச்சு அழுகையில் போய் முடிந்தது.

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "பேரனுக்குப் பீஸு கொறையணும்னு எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே சார். எங்கயாச்சும் பெரட்டி நானே குடுத்திருப்பேன். எம்புள்ளயக் குடுத்துட்டீகளே" என்றார்.

நான்கு வருடத்தில் எங்களுக்கு மிச்சமான நான்கு லட்சத்துக்குக் காசோலை எழுதிக் கொண்டுபோயிருந்தேன். அவர் கையால் தொட மாட்டேன் என்றார். பெண் எழுந்து வந்து வாங்கிக்கொண்டாள். "அவரு குடுக்குறதா நெனைக்காதீங்கப்பா. நம்ம பணம் இது" என்றாள்.

நான்கு லட்சம் போதவில்லை. என் பழைய வங்கிதான் என்றாலும், வழக்குக்குப் போகாமல் இருக்க வேண்டுமானால் மூன்று மாதத்தில் மீதியைக் கட்டி முடியுங்கள் என்றார்கள். அரை ஏக்கரை மனை போடுகிறவரிடம் விற்றுக் கட்டினார்கள். அதற்கும் சேர்த்துக் கொடுக்க என்னிடம் வழி இருந்தது. கோச்சடை வீடு இருந்தது. அதை நான் தொடவில்லை. நான்கு லட்சத்துக்கே என் மகள் ஆறு மாதம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இதை ஒரு காரணமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அந்தப் பெண் பிறகு என்னிடம் ஒன்று கேட்டாள். பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வரும் மாதத்தில் அவர்கள் பகுதியில் பிள்ளைகளை வைத்திருக்கும் வீடுகளுக்கு வந்து கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். "மொதல்ல எங்களுக்குச் செஞ்சதச் சொல்லிட்டு அப்புறம் கணக்கச் சொல்லுங்க" என்று நிபந்தனை வைத்தாள். மூன்று வருடமாகப் போகிறேன். முதல் வீட்டிலேயே ஒருவர், "எங்களக் கொண்டுபோயி எங்க சேத்துவிட வந்துருக்கீக? பேத்திக்கும் பீஸு கட்டணுமோ?" என்றார். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் மகனை வேறொரு தனியார் கல்லூரியில் சேர்த்தார். சிலர் கேட்டுக்கொண்டு கவுன்சிலிங் வரை பொறுத்தார்கள். அசலைக் கேட்டால் நகலைக் கொடுங்கள் என்பதை மட்டும் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள்.

பெண் இப்போது வேலைக்குப் போய்க்கொண்டே அரசுத் தேர்வுக்குப் படிக்கிறாள். இரண்டு முறை எழுதிவிட்டாள், இன்னும் கிடைக்கவில்லை.

நான் கணக்குச் சொல்லும் வீடுகளுக்கு அவளுடைய அப்பா வருவதில்லை. முழங்கால் வலியால் சாரம் ஏற முடியாமல் கொத்து வேலையை விட்டுவிட்டார். மீதி அரை ஏக்கரின் வருமானம் வீட்டுச் செலவுக்குப் போதாது. போன நடவின்போது அவர்கள் ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து போனேன். சாலையோர வயலில் நாற்றுக்கட்டு சுமந்துகொண்டிருந்தார். அவருடைய வயல் அது இல்லை. என்னைப் பார்த்துவிட்டு, "வாங்க சார்" என்றார்.

"கூலிக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

"ஆமா சார். அறுநூறு தர்றாக."

வயலுக்குச் சொந்தக்காரர் அந்தப் பக்கத்திலிருந்து அவர் பெயரைச் சொல்லி அதட்டிக் கூப்பிட்டார். அவர் கட்டைத் தோளில் மாற்றிக்கொண்டு சேற்றில் இறங்கிப் போனார்.