மாட்டுங்கா அத்தை

வேத வசனம் ஒப்பிப்பதில் எங்கள் சந்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. கொஞ்சம் பெருமைக்காகவும்தான் இதைச் சொல்கிறேன். தாராவியில் எங்கள் கோயிலுக்கு, அதாவது சர்ச்சுக்கு, வருகிற யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஓய்வுநாள் பள்ளி ஆண்டு விழாவில் என் பெயரைக் கூப்பிடும்போதே மற்றப் பிள்ளைகளின் அம்மாமார் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அதனால், நவி மும்பையின் நெருளிலிருந்து ஒரு சபையார் மிஷன் ட்ரிப் வருகிறார்கள், எங்கள் கோயிலில் மூன்று நாள் சிறுவர் முகாம் நடத்துவார்கள், வசனத்தில் முதலாவது வரும் பிள்ளைக்குச் சக்கரம் வைத்த ஸ்கூல் பை தருவார்கள் என்று அறிவிப்பு வந்த உடனேயே அந்தப் பை என்னுடையது என்று முடிவுகட்டிவிட்டேன். எனக்கு அப்போது ஒன்பது வயது.

முகாமுக்கு முந்தின சாயங்காலம் அத்தை வந்தாள். அப்பாவின் ஒரே தங்கை. எங்கள் ஒற்றை ரூம் வீட்டில் பிறந்து, எங்கள் கோயிலிலேயே தாலி கட்டிக்கொண்டு நெருளுக்குப் போனவள். போன பிறகு எப்போதாவது வருவாள், அதுவும் தனியாக, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. அன்றைக்குக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு குசுகுசுவென்று பேசினாள். நான் பரணில் படுத்துக்கொண்டு வசனம் படித்துக்கொண்டிருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது.

"மைனி, நாளைக்கு வாரது எங்க சர்ச் ஆளுங்க. அவுங்க பேசுறதத் தமிழ்ல சொல்றது நாந்தான். என்னயத் தெரியாத மாதிரி இருந்துக்கிடுங்க. மாட்டுங்கால பொறந்து வளந்தேன்னு சொல்லி வச்சிருக்கேன்."

தாராவிக்காரர்களிடம் விலாசம் கேட்டால், பக்கத்து ஸ்டேஷனான சயான் பெயரைச் சொல்வது வழக்கம்தான். வேலை கேட்டுப் போகிறவர், பெண் பார்க்கப் போகிறவர் எல்லாரும் அன்றைக்கு மட்டும் சயான்காரர்கள். அத்தை இன்னும் ஒரு ஸ்டேஷன் தாண்டி, ஆபீஸ் உத்தியோகஸ்தர்கள் குடியிருக்கும் மாட்டுங்காவுக்கே போய்விட்டாள்.

அம்மா டம்ளரை எடுத்துச் சாயாவை ஊற்றினாள். பிறகு, "சரி பிள்ள, சாயா குடி" என்றாள்.

அத்தை போனதும் அம்மா வீடு வீடாகப் போய்ச் சொல்லி வந்தாள். ஒரு வீட்டில் தாளித்தால் நாலாவது வீட்டில் தும்முகிற சந்து எங்களுடையது. அங்கே ரகசியம் தங்கும் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். ஆனால் மறுநாள் மஞ்சள் டீ-ஷர்ட் கூட்டத்தோடு அத்தை வந்து இறங்கியபோது, அவளுக்குச் சின்ன வயதில் கடனுக்கு பன் கொடுத்த கடைக்காரரே "நமஸ்தே மேடம்" என்று கும்பிட்டார். அவளோடு ஒரே பெஞ்சில் படித்த பக்கத்து வீட்டுக்காரி ஒரு படி மேலே போய், "மேடத்துக்கு எந்த ஏரியா?" என்று கேட்டாள். மாட்டுங்கா என்று அத்தை சொன்னதும், "பெரிய எடம்" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு வந்த உத்தரவு, அத்தை என்று வாய் தவறியும் கூப்பிடக் கூடாது, ஆன்ட்டி என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது. எனக்கு அது விளையாட்டாகப் பட்டது. விளையாட்டில் தோற்கிற வழக்கம் எனக்கு இல்லை.

வந்தவர்களுக்கு முதல் நாளே குழப்பம். ஏழைப் பிள்ளைகளுக்கு ஊழியம் செய்ய வந்திருந்தார்கள். கோயிலுக்கு வெளி ஆள் வருகிறார்கள் என்றால் எங்கள் அம்மாமார் சும்மா அனுப்புவார்களா? கிறிஸ்மஸ் கவுன், பாலிஷ் போட்ட ஷூ, முகம் நிறையப் பவுடர். அவர்களில் கிடார் வாசிக்கும் அண்ணன் எங்கள் வரிசையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பிள்ளைகள் எப்போது வருவார்கள் என்று அத்தையிடம் இந்தியில் கேட்டார். எங்களுக்கு இந்தி தெரியாது என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. இருந்தாலும் நல்லவர்கள். அந்த வெயிலில் வியர்த்து வழிய எங்களோடு குதித்தார்கள், சிறுசுகளின் மூக்கைத் துடைத்துவிட்டார்கள், ஒரு பிள்ளையையும் அதட்டவில்லை. அதட்டுகிற வேலை அத்தையுடையது. அதை மட்டும் சுத்தமான எங்கள் சந்துத் தமிழில் செய்தாள்.

மூன்றாம் நாள் காலையில் போட்டி. எல்லா வசனத்தையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். போட்டிக்கு வந்த மற்றப் பிள்ளைகளெல்லாம் பாதியில் முழித்தார்கள். கூட்டத்துக்குத் தலைவியான பாதிரியார் சம்சாரம் என்னைக் கட்டிப்பிடித்து இங்கிலீஷில் என்னவோ சொன்னார். அவருக்கு இங்கிலீஷும் மலையாளமும்தான். பரிசு சாயங்காலம், அதற்கு முன்னால் இந்தக் குழந்தையின் வீட்டைப் பார்த்து ஜெபிக்க வேண்டும் என்கிறார் என்று அத்தை சொன்னாள். சொல்லும்போது முகம் வெளுத்திருந்தது. எனக்கோ கால் தரையில் பாவவில்லை. எல்லாருக்கும் முன்னால் நடந்து வழி காட்டினேன்.

அம்மாவுக்குத் தகவல் போய்ச் சேர்ந்திருந்தது. பாய் விரித்து, தட்டு நிறைய முந்திரிக்கொத்து எடுத்து வைத்திருந்தாள். சுவரில் மாட்டியிருந்த அத்தையின் கல்யாண போட்டோ மேல் ஒரு துண்டு தொங்கியது. பாதிரியார் சம்சாரம் முந்திரிக்கொத்தைக் கடித்து, கண் கலங்கி, அத்தையிடம் ஏதோ கேட்கச் சொன்னார்.

"உங்கள் தேவை என்ன என்று கேட்கிறார்கள். அதற்காக ஜெபம் பண்ணுவார்கள்" என்றாள் அத்தை, பிரசங்கத் தமிழில்.

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "எங்களுக்கு ஒரு கொறையும் இல்ல மேடம். இவ அப்பாவுக்கு ஒரே ஒரு தங்கச்சி. தூரத்துல கெட்டிக் குடுத்திருக்கோம். அவ மனசுக்குச் சமாதானம் வேணும். அதுக்கு ஜெபம் பண்ணச் சொல்லுங்க."

அம்மா இதைப் பாசத்தில் சொன்னாளா, குத்திக் காட்டினாளா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. என் அம்மாவுக்கு இரண்டையும் ஒரே வாயில் சொல்ல வரும்.

அத்தை வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. பாதிரியார் சம்சாரம் அவள் முகத்தையே பார்த்துக் காத்திருந்தார். வசனம் மறந்து நிற்கிறவர்களுக்கு முதல் வார்த்தையை எடுத்துக் கொடுத்துப் பழகியவள் நான். பாவம், இங்கிலீஷ் மறந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, "தங்கச்சின்னா சிஸ்டர், ஆன்ட்டி" என்று மெதுவாக எடுத்துக் கொடுத்தேன்.

அத்தை என்னைப் பார்த்தாள். பிறகு நேராகச் சுவருக்குப் போய் அந்தத் துண்டை எடுத்தாள். போட்டோவில் பட்டுப் புடவையில் அவள் நின்றாள். பக்கத்தில் அவள் தலைப் பூவைச் சரிசெய்தபடி அம்மா. எனக்கே புரிகிற இங்கிலீஷில், ஒவ்வொரு வார்த்தையாக அத்தை சொன்னாள். இது என் அண்ணன் வீடு. நான் இங்கேதான் பிறந்தேன். இவள் கேட்பது எனக்காக.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரிதான் பொறுக்க மாட்டாமல், "மூணு நாளா மேடம் மேடம்னு கூப்புட்டு எங்க நாக்கு வறண்டுட்டு. கடைசில இவளே போட்டு ஒடச்சிட்டாளே!" என்றாள். பாதிரியார் சம்சாரம் அத்தையின் தோளை அணைத்துக்கொண்டு மலையாளத்தில் ஜெபித்தார். அதை யாரும் மொழிபெயர்க்கவில்லை.

சாயங்காலம் இடி என் தலையில் விழுந்தது. அத்தையைப் போல முகாம் நடத்த வந்த ஊழியக்காரர் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுப்பது அவர்கள் சபை வழக்கம் இல்லையாம். என் கன்னத்தைத் தடவி மிகவும் அன்பாகத்தான் சொன்னார்கள். பையை, பாதி வசனத்தை விழுங்கிய அடுத்த சந்துப் பெண் உருட்டிக்கொண்டு போனாள். சிமென்ட் தரையில் அந்தச் சக்கரம் கடகடவென்று போன சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

மஞ்சள் டீ-ஷர்ட்டுகள் பஸ் ஏறிப் போனார்கள். அத்தை போகவில்லை. எங்கள் ரூமில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அம்மா ஊற்ற ஊற்றக் கருவாட்டுக் குழம்பைப் பிசைந்து சாப்பிட்டாள். இடக்கையால் போனைப் பிடித்துக்கொண்டு, "எங்க வீட்லதான் இருக்கேன். ஆமா, தாராவிலதான். ஞாயித்துக்கெழமை பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு வாங்க" என்று மாமாவிடம் சத்தமாகச் சொன்னாள்.

நான் அழுது வீங்கிய கண்ணோடு அவள் முன்னால் போய் நின்றேன். "நீங்க சும்மா இருந்திருந்தா அந்தப் பை எனக்குத்தான் அத்த."

"ஆமாட்டி, என்னாலதான் போச்சு" என்று அத்தை சிரித்தாள். அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். இன்னும் கொஞ்சம் சோறு என்று அத்தை தட்டை நீட்டினாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூச்சுவிடாமல் வசனம் சொன்னது நான். ஒரு பிழை விடாமல் ஜெயித்ததும் நான். அப்படியிருக்க, பரிசு கிடைத்தவள் மாதிரி இவள் எதற்கு இப்படிச் சிரிக்கிறாள் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவே இல்லை.