தொழிற் கந்தோருக்குப் போன காமன்

நான் இங்கே எழுதுபவை இரண்டு வகையின. என் கண்ணால் கண்டவை ஒரு வகை. ஒன்றுக்கொன்று பகையாக இருந்த இரு தொழிற்சங்கங்களைச் சேர்ந்தவர்களும், தனித்தனியே கேட்டபோது, ஒரே விதமாகச் சொன்னவை மற்றொரு வகை. இவ்விரண்டிலும் அடங்காதவற்றை விலக்கிவிட்டேன். இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. இலங்கை மலைநாட்டில் லிந்துலைக்கும் டயகமவுக்கும் இடையிலுள்ள தேயிலைத் தோட்டங்களில் இந்நிகழ்ச்சியைப் பற்றி இரு கதைகள் வழங்குகின்றன. இடதுசாரிச் சங்கத்தார் சொல்லும்போது அது தொழிலாளி வர்க்கத்தின் வெற்றி. கோயில் பக்கத்தார் சொல்லும்போது அது தெய்வச் செயல். இரு கதைகளிலும் நான் வருகிறேன். முதற்கதையில் முஷ்டியை உயர்த்தி முழக்கமிடுகிறேன். இரண்டாவதில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்குகிறேன். நான் இரண்டையும் செய்யவில்லை. ஒரு நாற்காலியின் பின்னால் நின்று மொழிபெயர்த்தேன்.

அப்போது நான் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியனாக இருந்தேன். நாடு சுதந்திரம் பெற்றுச் சில ஆண்டுகள் கழிந்திருந்தன. சுதந்திரத்தை அடுத்து வந்த சட்டங்களால் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோர் குடியுரிமையையும் வாக்கையும் இழந்திருந்தனர். இடதுசாரிகள் அச்சட்டங்களை எதிர்த்துப் பேசினார்கள். வாக்கு இல்லாமற்போன பின்னும் தோட்டங்களுக்கு வந்துகொண்டிருந்தார்கள். எங்கள் தோட்டத்தில் ஒரு பகுதியினர் அவர்களது சங்கத்தில் சேர்ந்தமைக்கு இதுவே காரணம் என்று இரு தரப்பாரும் சொல்லியிருக்கின்றனர். பொதுவுடைமைத் தத்துவத்தை யாரும் காரணமாகச் சொல்லவில்லை.

அச்சங்கத்தின் பிரதிநிதி ஹட்டனிலிருந்து பஸ்ஸில் வருவார். எல்லாருக்கும் அவர் 'தோழர்'. கூட்டத்துக்கு முன்னர் ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு போடுவார். ஆட்கள் சேர்ந்ததும் இசைத்தட்டை நிறுத்திவிட்டுப் பேசத் தொடங்குவார். சினிமா மக்களை மயக்கும் முதலாளிகளின் சரக்கு என்பது அப்பேச்சில் தவறாமல் இடம்பெறும். முடிவில் அவரே இயற்றிய சங்கப் பாட்டு ஒன்று பாடப்படும். அதன் மெட்டு, சற்று முன் நிறுத்தப்பட்ட இசைத்தட்டின் மெட்டாகவே இருக்கும். இதை யாரும் முரணாகக் கருதியதாக எனக்கு நினைவில்லை. நானும் அன்று கருதவில்லை.

தோட்டத்தில் அச்சங்கத்தின் தலைவராக இருந்தவர் ஒரு கவ்வாத்துக்காரர். முதிர்ந்த தேயிலைச் செடிகளைக் கத்தியால் வெட்டித் தாழ்த்துவது அவர் தொழில். ஒரு நாள் மலையில், வெட்டியது போதாது என்று, வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளைக்கும் அவருக்கும் வாய்ச்சண்டை மூண்டது. கவ்வாத்துக் கத்தியைத் தம்மீது ஓங்கினார் என்று கணக்கப்பிள்ளை தோட்ட நிர்வாகியான துரையிடம் முறையிட்டார். அவர்கள் இருவரையும் தவிர அங்கே யாரும் இருக்கவில்லை. துரை கவ்வாத்துக்காரரை வேலையிலிருந்து தற்காலிகமாக நிறுத்தினார். சங்கம் முறைப்பாடு செய்ய, ஹட்டனிலுள்ள தொழிற் கந்தோரில், அதாவது அரசாங்கத் தொழில் அலுவலகத்தில், விசாரணைக்கு நாள் குறிக்கப்பட்டது. அன்று அவர் சமுகமளிக்காவிடின் வேலை போகும். வேலை போனால், தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்தில் தோட்டம் கொடுத்த அறையும் போகும். மனைவியும் மூன்று வயதுப் பெண் குழந்தையும் அந்த அறையில்தான் இருந்தனர்.

குறித்த நாள் மாசி மாதத்தில், காமன் கூத்துக் காலத்தில் விழுந்தது. காமன் கம்பம் நட்டு, காமனாகவும் ரதியாகவும் ஆட இருப்பவர்கள் கையில் காப்புக் கட்டிக்கொண்டால், சிவன் காமனை எரிக்கும் தகன நாள் வரையில் அவர்கள் தோட்டத்தின் எல்லையைத் தாண்டலாகாது. எங்கள் தோட்டத்தில் எல்லை என்பது பஸ் வீதிக்கு இப்பாலுள்ள ஓர் ஓடை. அவ்வாண்டு காமன் வேடத்துக்குக் காப்புக் கட்டியிருந்தவர் அந்தக் கவ்வாத்துக்காரரே. குழந்தை நோயுற்றிருந்தபோது அவருடைய மனைவி செய்த நேர்த்திக்கடன் அது.

கூத்தை நடத்தும் பொறுப்புக் கோயில் தலைவரான ஒரு கங்காணியிடம் இருந்தது. அவர் எதிர்ச் சங்கத்தவர். ஒரு பிற்பகலில் தோழர் வந்து, கோயில் முற்றத்தில் அவரும் கங்காணியும் கவ்வாத்துக்காரரும் பேசியபோது நானும் இருந்தேன்.

"லயத்தைக் காலி பண்ணச் சொன்னா எங்க போவீங்க?" என்றார் தோழர். "காமனா வந்து காம்பரா கட்டித் தரப்போறாரு?"

"போகாட்டி வேலை போயிரும், தெரியுதுங்க" என்றார் கவ்வாத்துக்காரர். "ஓடையத் தாண்டிப் போயி, நாளைக்குப் புள்ளைக்கு ஏதும் வந்துச்சுன்னா? அவ என் மொகத்துல முழிப்பாளா, நீங்களே சொல்லுங்க தோழர்."

கங்காணி வெற்றிலையை மென்றபடி கேட்டார்: "மேடையில சாமி இல்லைன்னு பேசுற வாயி, இங்க காப்புக் கட்டிக்கிட்டு நிக்குது. எது தலைவரே நெசம்?"

"ரெண்டும் நெசந்தான் கங்காணியாரே. அங்க நான் பேசுறேன். இங்க அவ நேந்துக்கிட்டது."

"நல்லாத்தான் பிரிச்சு வச்சிருக்கீங்க."

தோழர் பொறுமை இழந்து எழுந்தார். கங்காணி அவரைக் கையமர்த்தி உட்காரச் சொன்னார்.

"எல்லை தாண்டக் கூடாதுங்கிறது காப்புக் கட்டுன ஆளுக்கு. வேசம் போட்டா ஆளு இல்ல, காமன். போன வருசம் பக்கத்துத் தோட்டத்துக் கோயிலுக்கு வேசத்தோட போகலையா? தப்பு மேளம் முன்னால போகணும், நான் கூட வரணும், பொழுது சாய்றதுக்குள்ள திரும்பிறணும். அம்புட்டுத்தான்."

"விசாரணைக்குக் கிரீடத்தோடவா?" என்றார் தோழர். "கொழும்புல கேட்டாச் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டுமே. லயம் போனா அழப்போறது அவுங்க இல்லையே."

கங்காணி ஏன் உதவ முன்வந்தார் என்பதற்கு இரு தரப்பிலும் வெவ்வேறு விளக்கம் உண்டு. ஆகவே விட்டுவிடுகிறேன்.

குறித்த நாட் காலையில் அவர்கள் ஓடையைக் கடந்தார்கள். முன்னால் தப்படிக்கும் இருவர். அவர்களை அடுத்துக் கங்காணி. அவருக்குப் பின்னால் முகத்தில் அரிதாரமும் தோளில் கரும்பு வில்லும் தலையில் சரிகைத்தாள் கிரீடமுமாகக் காமன். கிரீடம் புதிய அமைப்பிலானது. அதைச் செய்தவர் ஹட்டனில் பார்த்த ஒரு மதராஸ் படத்தில் அரசன் அணிந்திருந்ததைப் போல உயரமாகச் செய்திருந்தார். பஸ்ஸுக்குள் ஏறும்போது அது இடித்தது. கண்டக்டர் சிங்களவர், தமிழ் நன்கு பேசுவார். "ராஜான்னாலும் டிக்கட் எடுக்கணும்" என்றார். கங்காணி எடுத்தார். தோழரும், விசாரணையில் மொழிபெயர்க்கச் சென்ற நானும் பின் இருக்கையில் அமர்ந்திருந்தோம். ஹட்டன் வரும்வரை தோழர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

விசாரித்த அதிகாரி வயதான சிங்களப் பெரியவர். காமனைக் கண்டு அவர் சிரிக்கவுமில்லை, சினக்கவுமில்லை. கிரீடத்தைக் கழற்ற முடியுமா என்று என் மூலமாக வினவினார். முடியாது என்றதும், அப்படியானால் உட்காரட்டும் என்றார். துரையின் சார்பில் அவருடைய உதவி நிர்வாகியான சின்னத்துரை வந்திருந்தார். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

அடுத்துக் கணக்கப்பிள்ளையை அழைத்தார்கள். உள்ளே வந்தவர் காமனைப் பார்த்தார். வாசலுக்குத் திரும்பிச் சென்று சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார். கத்தியை ஓங்கியவர் இவர்தானா என்று அதிகாரி கேட்டதை நான் தமிழில் சொன்னேன்.

"இப்பச் சொல்ல ஏலாதுங்க மாஸ்டர்."

"ஏன் என்று கேட்கிறார்."

"இப்ப அவரு இல்லீங்களே. காமனா இருக்காரு. வேசத்துல இருக்கிறவுங்க மேல குத்தம் சொன்னா நல்லதுங்களா? தகனம் முடியட்டும், வந்து சொல்றேன்."

இதைச் சிங்களத்தில் பெயர்ப்பது எளிதாக இருக்கவில்லை. அதிகாரி இரு முறை கேட்டார். சின்னத்துரை ஆங்கிலத்தில் ஏதோ கடிந்துரைத்தார்; கணக்கப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். முடிவில் அதிகாரி, பண்டிகை கழிந்த பின் விசாரணை தொடரும் என்று ஒத்திவைத்தார்.

வெளி விறாந்தையில் தோழர் கையிலிருந்த தாள்களை மடித்துச் சட்டைப்பைக்குள் திணித்தார். "சட்டமெல்லாம் படிச்சு எழுதிக்கிட்டு வந்தேன். ஒன்னையும் கேக்கலையே."

"உங்க சட்டத்துக்கு அரிதாரம் பூசலையே தோழர்" என்றார் கங்காணி. தப்படிக்க வந்தவர்களுடன் கவ்வாத்துக்காரரும் சிரித்தார். பிறகு கேட்டார்: "ஒத்தி வச்சாங்கன்னா, அதுவரைக்கும் லயத்துல இருக்கலாந்தானுங்களே?" இருக்கலாம் என்று தோழர் சொன்னார். அவர்கள் பொழுது சாய்வதற்குள் திரும்பினார்கள்.

கூத்து முறைப்படி நடந்தது, காமன் எரிந்தான், ரதி புலம்பினாள். இரண்டாம் விசாரணைக்குக் கவ்வாத்துக்காரர் வெள்ளைச் சட்டையுடன் வந்தார். இம்முறை கணக்கப்பிள்ளை தடையின்றிச் சாட்சி சொன்னார். ஆனால் துரையிடம் சொன்னதை அவர் சொல்லவில்லை.

"கத்தி கையில இருந்துச்சுங்க. கவ்வாத்து வெட்டுறவரு கையில கத்திதானே இருக்கும். ஓங்குனாரான்னு கேட்டா, என்னால உறுதியாச் சொல்ல ஏலாதுங்க."

வேறு சாட்சி இல்லாமையால் கவ்வாத்துக்காரரை மீண்டும் வேலையிற் சேர்க்கும்படி அதிகாரி பரிந்துரைத்தார், துரை ஏற்றார். மறுவாரம் அவர் பெரட்டுக் களத்தில், ஆட்கள் வேலைக்கு அணிவகுக்கும் இடத்தில், தம் பழைய இடத்தில் நின்றதை நான் பாடசாலை வாசலிலிருந்து கண்டேன். கணக்கப்பிள்ளை அவருக்கு அன்றைய வேலைக்கான மலையைப் பிரித்துக் கொடுத்தார். இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

சங்கத்தின் பத்திரிகையில் தோழர் இச்செய்தியை எழுதியிருந்தார். தொழிலாளரின் ஒற்றுமையால் நிர்வாகம் பணிந்தது என்றிருந்தது. கிரீடத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஏன் என்று கேட்டேன். "கொழும்புத் தோழர்களுக்கு வெளங்காது மாஸ்டர்" என்றார். கோயில் பக்கத்தார் தம் பங்குக்கு ஒரு கும்மிப் பாட்டுக் கட்டினார்கள். அதில் சங்கமும் இல்லை, முறைப்பாடும் இல்லை, கந்தோரே இல்லை. காமன் நேரே துரையின் பங்களாவுக்குப் போகிறான்.

மலைநாட்டின் இடதுசாரி இயக்க வரலாற்றைப் பிற்காலத்தில் சிலர் எழுதியிருக்கின்றனர். வேலைநிறுத்தங்களும் தீர்மானங்களும் ஊர்வலங்களும் அவற்றில் ஒழுங்காக உள்ளன. அவை பொய்யல்ல. ஆனால் அந்த ஊர்வலங்களில் நடந்தவர்கள் எந்த மெட்டில் பாடினார்கள், எவ்வகைக் காப்பைக் கையில் கட்டியிருந்தார்கள் என்பது அவற்றில் இல்லை. கும்மிப் பாட்டிலோ ஊர்வலமே இல்லை. முறைப்பாடு இல்லாதிருந்தால் விசாரணையே நடந்திராது. வேடம் இல்லாதிருந்தால் அவர் விசாரணைக்குப் போயிருக்கமாட்டார். இவ்வளவே நான் உறுதியாகச் சொல்லக்கூடிய முடிவு. இதற்கு மேல் ஒன்றை மற்றொன்றுக்கு மேலாக வைக்க என்னிடம் சான்று இல்லை.

கத்தியை ஓங்கினாரா என்று கவ்வாத்துக்காரரிடம் பின்னொரு நாள் நேரடியாகக் கேட்டேன். "கத்தி கையிலதான் மாஸ்டர் இருந்துச்சு. கோவமும் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு மலைக்கு நடந்தார். கணக்கப்பிள்ளையிடம் நான் கேட்கவில்லை. சில ஆண்டுகளில் அவர் வேறு தோட்டத்துக்கு மாறிச் சென்றுவிட்டார். எந்தத் தோட்டம் என்பதில் இரு தரப்பாரும் ஒத்துச் சொல்லவில்லை.

அன்று மலையில் கத்தி ஓங்கப்பட்டதா என்பது எனக்குத் தெரியாது. இரண்டு விசாரணைகளுக்கும் இடையில் கணக்கப்பிள்ளையின் மனத்தை மாற்றியது பக்தியா, அச்சமா, இரக்கமா, யாரேனும் அவரிடம் பேசினார்களா, அல்லது அவர் முதலிற் சொன்னதே பிழையா என்பதும் தெரியாது.