மலர்வளையத்தில் இருந்த சீன எழுத்து

லாச்சப்பலில் ராசன் அண்ணையின் செத்தவீட்டுக்குப் போய்விட்டு இப்போதுதான் வந்தேன். குடிதான் அவரைக் கொண்டுபோனது.

உடல் இன்னும் ஆஸ்பத்திரியில். வீட்டில் அவருடைய படத்துக்கு விளக்கேற்றியிருந்தார்கள்.

அவர் கோப்பை கழுவிய சீன உணவகத்திலிருந்து ஒரு மலர்வளையம் வந்திருந்தது. நடுவில் பெரிதாக ஒரே எழுத்து: 奠.

"செத்தவீட்டிலையும் கடைக்கு விளம்பரமோ?" என்று அவருடைய தம்பி குமார் அதைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டார்.

பிறகு உணவக முதலாளியம்மா வந்தார். அதை நேராக வைத்தார். நான் பிரெஞ்சில் விசாரித்தேன். இறந்தவருக்குப் படைப்பது என்று பொருளாம். ஆதியில் அது பீடத்தில் வைத்த மதுச்சாடியின் படமாம்.

அதை அப்படியே தமிழில் சொல்லித் தொலைத்தேன்.

அண்ணையின் மனைவி நிமிர்ந்தார். "செத்தாப் பிறகும் அதையோ குடுக்கச் சொல்லினம்? குமார், திருப்பி வை அதை."

வாசலில் குமார் என்னைப் பிடித்துக்கொண்டார். "எட்டாம் நாள் எட்டுச்செலவுக்கு அவருக்குப் பிடிச்சதைப் படைக்கவேணும். போத்தல் வைக்க அண்ணி விடமாட்டா. அவருக்கு வேறை என்ன பிடிக்கும்?"

யாருக்காவது தெரிந்தால் கீழே எழுதுங்கள். எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.