ஐந்தாவது ரோபோவின் துரோகம்

துபாய் சத்வாவில் நாங்கள் குடியிருந்தது ஒரு வீட்டின் பாதியில். வாடகை ஒப்பந்தம் முன்னறையில் இருந்த அங்கிளின் பெயரில். பின்னறை எங்களுக்கு. அடுக்களை, குளியலறை, ஃப்ரிட்ஜ் மூன்றும் பொது. அங்கே தபால்காரர் வீட்டுக்கு வருவதில்லை. எல்லாக் கடிதமும் ஏதாவதொரு அஞ்சல் பெட்டிக்குத்தான் வரும். எங்களுடையவை அங்கிளின் கம்பெனிப் பெட்டிக்கு வந்தன. சாவி அவரிடம். கணினி வலையமைப்புகளைப் பார்த்துக்கொள்வது இன்று என் வேலை. எல்லாத் தகவலும் ஒரே ஆள் வழியாகப் போகிற அமைப்பை யாரும் கட்டக் கூடாது என்பதை நான் கல்லூரிக்குப் போகும் முன்பே கற்றுக்கொண்டேன்.

எனக்குப் பன்னிரண்டு வயதானபோது ஒரு சாக்லேட் பானப்பொடி பாட்டிலின் மூடிக்குள் கூப்பன் வரத் தொடங்கியது. கூப்பன்களைச் சேர்த்துத் தபாலில் அனுப்பினால் ரோபோ வரும். கடையில் கிடைக்காது. உள்ளங்கை அளவுதான். ஒவ்வொன்றும் ஒரு வீட்டுச் சாமானாக மடங்கும்: கேமரா, டார்ச், பூட்டு, அலாரம் கடிகாரம். ஐந்தாவது ரேடியோ. முதல் நான்கும் கைகால்கள், ரேடியோதான் மார்பும் தலையும். ஐந்தும் பொருந்தினால் ஒரு பெரிய ரோபோ. ரேடியோ இல்லையென்றால் வெறும் கைகால்கள்.

ஒவ்வொரு ரோபோவின் பெட்டிக்குள்ளும் புரியாத எழுத்தில் ஒரு தாள் இருக்கும். அதன்மேல் பிழை மலிந்த ஆங்கிலத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அழிந்துபோன ஒரு கிரகத்திலிருந்து தப்பி வந்த சகோதரர்கள் மனிதர்களின் வீடுகளில் சாமான்களாக ஒளிந்திருக்கிறார்கள் என்பது கதை. நான்கு சீட்டுகளும் ஒரே வரியில் முடிந்தன: அண்ணன் வந்து எல்லாவற்றையும் சொல்வான். அண்ணன் என்றால் ஐந்தாவதான ரேடியோ. தெருப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அந்த வரி மனப்பாடம்.

எனக்கு முதல் நான்கும் வந்துவிட்டன. ரேடியோவின் கூப்பன்களுக்காக அம்மாவும் நானும் தண்ணீருக்குப் பதிலாக அந்தப் பொடியையே கரைத்துக் குடித்தோம். அப்பா ஃப்ளாஸ்கில் ஊற்றிக் கட்டட சைட்டுக்குக் கொண்டுபோனார். கூப்பன்களை அனுப்பிய பிறகு, அங்கிள் டியூட்டி முடிந்து வரும் நேரம் பார்த்து வாசலில் நிற்பேன்.

“பார்சல் வந்துச்சா அங்கிள்?”

“மாஃபி பாப்பா, இன்னிக்கும் இல்ல,” என்று கையை விரிப்பார்.

பிறகு ஒருநாள் அவருடைய மகன் கையில் ரேடியோவைப் பார்த்தேன். அவனுக்கு எட்டு வயது. “டாடி தேரால வாங்கிட்டு வந்தாங்க,” என்றான். தேரா துபாயின் கடைவீதிப் பகுதி. இதுவோ கடையில் கிடைக்காத பொருள்.

அம்மாவிடம் சொன்னேன். எங்கள் ஊர் திருநெல்வேலி. “ஏட்டி, சத்தம் போடாத. அக்ரிமென்ட் அவங்க பேர்ல கெடக்கு. வெளிய போங்கன்னு சொல்லிட்டா எங்க போய் நிப்போம்?” என்றாள் அம்மா. “ஓசில வந்த பொம்மதானம்மா, விடு,” என்றார் அப்பா. அங்கிளும் அப்படித்தான் நினைத்திருப்பார். ஓசியில் வந்தது யாருக்கும் சொந்தமில்லை.

ஆதாரம் அடுக்களையில் கிடைத்தது. அலமாரியில் மேல்தட்டு அவர்களுக்கு, கீழ்த்தட்டு எங்களுக்கு. எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டாமலிருக்க இரண்டு வீட்டிலும் தட்டில் தாள் விரிப்போம். ஆன்ட்டி மேல்தட்டைத் துடைத்துப் புதுத் தாள் விரித்திருந்தார். எண்ணெய் டின்னுக்கு அடியில் அந்தப் புரியாத எழுத்தும், ஓரத்தில் ரேடியோவின் படமும் தெரிந்தன. ரோபோவை எடுத்தவர்களுக்குத் தாளின் மதிப்பு தெரியவில்லை. அவர்கள் செய்த பிழை அது ஒன்றுதான். இந்தத் தாளில் மட்டும் ஆங்கிலச் சீட்டு ஒட்டப்படவில்லை. நான் அதை உருவி எடுத்து, அதே அளவில் ஒரு சூப்பர்மார்க்கெட் விளம்பரத் தாளை மடித்து வைத்தேன்.

எனக்கு மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, ரோபோவைத் திருப்பி எடுப்பது. யாரென்று உடனே தெரிந்துவிடும். இரண்டு, உடைப்பது. எனக்கும் இல்லாமல் போகும். மூன்று, அண்ணனின் கதையை நானே சொல்வது. மூன்றாவதில் ஒரு குறையும் தெரியவில்லை.

வீட்டுக்கு எதிரே கார்கள் நிற்கும் மணல்வெளியில் சாயங்காலம் எல்லாரும் கூடுவோம். தாளைக் காட்டினேன். “அப்பா சைட்ல ஒரு ஜப்பான்காரர் இருக்கார். அவர் வாசிச்சுச் சொன்னது,” என்று ஆரம்பித்தேன். கிரகத்தைக் காட்டிக்கொடுத்தவனே அண்ணன்தான். தம்பிகள் ஒளிந்திருக்கும் வீடுகளை எதிரிக்கு ஒலிபரப்பியவன் அவன். தம்பிகளுக்கு வந்த செய்திகளைக் கொடுக்காமல் தானே வைத்துக்கொண்டவனும் அவன். இதைச் சொல்லும்போது முன்னறை ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன்.

“அப்போ அவன் லீடர் இல்லையா?” என்று ஒருவன் கேட்டான்.

“லீடர்தான். அதனாலதான் எல்லார் அட்ரஸும் அவன்கிட்ட இருந்துச்சு.”

அங்கிளின் மகன் ரேடியோவை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

“ஸ்பைய வெச்சிருக்கான்டா,” என்றான் இன்னொருவன். “யல்லா, கெளம்பு. எங்க பேஸ் எங்க இருக்குன்னு அதுக்குத் தெரியக் கூடாது.”

வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பகுதி சொன்னேன். அண்ணனின் மார்பில் இருந்த சிவப்புப் புள்ளிக்குக்கூட ஒரு குற்றம் கண்டுபிடித்தேன். அங்கிளின் மகன் ரோபோவை வீட்டில் வைத்துவிட்டு வந்து பார்த்தான். அப்போதும் யாரும் அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. “வீட்ல இருந்தே ரெக்கார்ட் பண்ணும்,” என்றார்கள். அதை நான் சொல்லித்தரவில்லை.

ஒருநாள் நான் குப்பூஸ் ரொட்டியைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தபோது அங்கிள் அடுக்களைக்கு வந்தார். ஃப்ரிட்ஜைத் திறந்தார், எதையும் எடுக்காமல் மூடினார்.

“பாப்பா, தம்பி சாப்பிட மாட்டேங்கிறான். அந்தக் கதையக் கொஞ்சம் மாத்திச் சொல்லேன். கடைசில நல்லவன் ஆயிட்டான்னு ஏதாவது.”

“சொல்றேன் அங்கிள். அந்த ரோபோ எப்படி வந்துச்சுன்னு நீங்க தம்பிகிட்ட சொல்லுங்க. அன்னிக்கே மாத்திடறேன்.”

“தேரால வாங்கினதும்மா.”

“சரி அங்கிள்.”

“பொம்மதானே பாப்பா.”

“கதைதானே அங்கிள்.”

ரேடியோவை அவர் அப்போது திருப்பித் தந்திருந்தாலும் நான் வாங்கியிருப்பேனா என்று தெரியவில்லை. எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வாக்கியம், அதுவும் அவர் வாயால். அவர் சொல்லவில்லை. மறுநாள் முதல் ஃப்ரிட்ஜில் அவர்களுடைய முட்டைகள் ஒவ்வொன்றிலும் பேனாவால் பெயர் எழுதியிருந்தது. அடுத்த கோடையில் நாங்கள் ஷார்ஜாவுக்கு மாறினோம். நான்கு கைகால்களையும் எடுத்துக்கொண்டு போனேன்.

படிப்பு முடித்து வேலைக்குச் சேர்ந்த வருடம், ஒரு கருவியைப் பொருத்த ஜப்பானியப் பொறியாளர் ஒருவர் ஆபீசுக்கு நிஜமாகவே வந்தார். அவரிடம் அந்தத் தாளைக் காட்டினேன். வாசித்துவிட்டுச் சிரித்தார். மடக்கும் முறை, நீரில் போடாதீர்கள், சிறு குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான். அண்ணனுக்கென்று கதையே கிடையாது.

அதன் பிறகுதான், யாருக்கும் தெரியாத பொம்மைகளைப் பற்றி விவரம் சேர்க்கும் ஓர் இணையதளத்தில் இந்த ஐந்தையும் பார்த்தேன். நான்கு பேரின் கதைகள் சரியாக இருந்தன. ரேடியோவுக்கு நேரே “கதை தெரியவில்லை” என்றிருந்தது. காபி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து, சிவப்புப் புள்ளி உட்பட முழுவதையும் எழுதினேன். தளத்தை நடத்துபவர் நன்றி சொன்னார்.

சில மாதம் கழித்து அதன் கீழே ஒருவர் எழுதியிருந்தார்: “சின்ன வயதில் சத்வாவில் என்னிடம் இது இருந்தது. இந்தக் கதை பொய்யாக இருக்க வேண்டும் என்று அப்போதெல்லாம் வேண்டிக்கொள்வேன். அசல் தாளை யாராவது பார்த்திருக்கிறீர்களா?”

உங்களுக்கு அது எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். கதையைத் திருத்தும் பக்கத்தையும் திறந்து வைத்துக்கொண்டேன்.

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. “அப்பா தேராவில் ஒரு கடையில் வாங்கித் தந்தார்.”

திருத்தும் பக்கத்தை மூடினேன். அசல் தாள் என்னிடம்தான் இருக்கிறது, அண்ணன் துரோகியேதான் என்று அவனுக்கு எழுதினேன்.