ஸ்பிரிட் வாசனை

கை சுத்தம் என்றால் எனக்குக் கொஞ்சம் பைத்தியம்தான். காரைக்காலில் ஒரு சின்ன கிளினிக்கில் நர்ஸாக இருந்தேன். ஊசி போடுவதற்கு முன்னால் ஒரு தடவை, போட்ட பிறகு ஒரு தடவை, நடுவில் கதவைத் தொட்டால் இன்னொரு தடவை என்று ஸ்பிரிட்டைத் தொட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டே இருப்பேன். விரலெல்லாம் வறண்டு வெளுத்துப்போயிருக்கும். கல்யாணமாகிப் பட்டினச்சேரிக்கு வந்த பிறகும் பழக்கம் போகவில்லை. மீன் அரிந்துவிட்டு ஸ்பிரிட் போட்டுக்கொள்ளும் மருமகளைப் பார்த்துத் தெருவே சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மகள் பிறந்தாள். மாதம் நிறையாத பிள்ளை, இரண்டு கிலோகூட இல்லை. கை சுத்தமில்லாமல் யாரும் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். எனக்குச் சொல்லவா வேண்டும்! தூளிக்குப் பக்கத்து மாடத்தில் ஒரு பாட்டில் ஸ்பிரிட்டை வைத்தேன். சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, ஸ்பிரிட் தேய்த்து, அது காய்ந்த பிறகுதான் பிள்ளையைத் தூக்க வேண்டும். என் வீட்டுக்காரருக்குச் செய்து காட்டினேன். பார்க்க வந்தவர்களுக்கும் காட்டினேன். மாமனாருக்கு மட்டும் காட்டவில்லை. அவர் தூக்குவதே எனக்குப் பிடிக்கவில்லை என்பதுதான் உண்மை.

மாமா கடலுக்குப் போகிறவர். கரைக்கு வந்ததும் நேரே சாராயக்கடைதான், இருபது வருஷமாக. காரைக்காலில் அதற்கா பஞ்சம்? எல்லை தாண்டியெல்லாம் ஆள் வந்து குடித்துவிட்டுப் போவார்கள். ஆனால் பேத்தி பிறந்த சேதி கேட்ட அன்றே மாமா மாரியம்மன் கோயிலுக்குப் போய், நாலு பேர் பார்க்க, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்து, இனிமேல் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தார். சூடம் அணைத்துச் சொன்னதை மீறினவனின் பேச்சை அப்புறம் எங்கள் ஊரில் யாரும் காதில் வாங்கமாட்டார்கள். இரண்டு மாதமாக அவர் மீறவில்லை. ஊர் நம்பியது. நான்தான் நம்பவில்லை. "கொஞ்ச நேரம் தூக்கட்டுமாம்மா?" என்று கேட்பார். பிள்ளை தூங்குகிறது, பசியாற வேண்டும் என்று எதையாவது சொல்லித் தட்டிக்கழிப்பேன்.

ஒரு மத்தியானம் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளை வீரிட்டு அழுதது. பிறகு அழுகை நின்றுவிட்டது. உள்ளே வந்து பார்த்தால் மாமா மடியில் பிள்ளை. கிட்டே போனதும் குப்பென்று அடித்தது வாசனை.

"குடிச்சிட்டு வந்து புள்ளையத் தொடுறீங்களா? சூடம் அணைச்சதெல்லாம் வேஷமா?"

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுப் பெண்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டேன்.

"இல்லம்மா, கையில..." என்று ஆரம்பித்தார்.

"ஒண்ணும் சொல்ல வேணாம். அதான் நாறுதே!"

வாசலில் நின்றவர்களை ஒருமுறை பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார். மாமனாரை அடக்கிவிட்டேன் என்று எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

சாயங்காலம் வேலையிலிருந்து வந்த வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் மாடத்துப் பாட்டிலை எடுத்துப் பார்த்தார். பாதிக்கு மேல் காலி.

"அடிப்பாவி," என்றார். "நீ குளிக்கப் போறப்பல்லாம் அப்பா வருவாரு. கைய சோப்புப் போட்டுக் கழுவி, மீன் கவிச்சி போவணும்னு முழங்கை வரைக்கும் இதப் பூசிக்கிட்டு, காயுற வரைக்கும் கைய நீட்டிக்கிட்டு நிப்பாரு. நீ மத்தவங்களுக்குச் செஞ்சி காட்டுனதப் பாத்துக் கத்துக்கிட்டது. 'இந்த வாடைய மோந்துக்கிட்டு நிக்கிறதுதாண்டா பெரும்பாடா இருக்கு'ன்னு எங்கிட்ட சொன்னாரு."

நாளெல்லாம் அந்த வாசனையில் நின்று சம்பாதித்தவள் நான். என் கையிலும் எந்நேரமும் அதே வாசனைதான் அடிக்கும். என் கையில் இருந்தால் சுத்தம், அவர் கையில் இருந்தால் சாராயம். குடியை விட்ட மனுஷர், பேத்தியைத் தூக்குவதற்காகத் தினமும் அந்த வாசனைக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

"போய் ஒரு வார்த்த சொல்லிட்டு வா," என்றார் வீட்டுக்காரர். அப்போதே போயிருக்க வேண்டும். தெருவே கேட்கக் கத்தியவளுக்கு, தெருவைத் தாண்டிப் போய் மன்னிப்புக் கேட்கக் கால் எழவில்லை. நாளைக்கு அவரே வருவார், வீட்டுக்குள் வைத்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவர் வரவில்லை. தன் தங்கை வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கரையிலேயே படுத்துக்கொண்டார். மறுநாளும் நான் போகவில்லை. கரையில் ஆட்கள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று காதில் விழுந்தது. அப்போதும் நான் போகவில்லை.

மூன்றாம் நாள் காலை, மாற்றுத்துணி எடுக்க வந்தார். வாசற்படி ஏறவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"மாமா, தப்பு எம்மேலதான். எல்லாம் தெரிஞ்சிருச்சி. மனசுல வச்சிக்காதீங்க. இந்தாங்க, புள்ளையத் தூக்குங்க."

பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கை மட்டும் நீளவில்லை. இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேணாம்மா," என்றார். "இன்னைக்கு நெசமாவே குடிச்சிருக்கேன்."