டம்பரில் கழற்றிய டர்போ

பெரம்பலூர் ரோட்டோரப் பட்டறையில் அவர் மெக்கானிக். பேர் கேட்டதில்லை. ஒடிந்து கோணிய மூக்கு. எந்த வண்டி வந்தாலும் முதலில் சைலன்சருக்குள் விரலை விட்டு, கரியைத் தன் முன்கையில் தீற்றிப் பார்ப்பார்.

அரியலூரில் சுண்ணாம்புக்கல் ஏற்றி நான் ஓட்டும் லாரி கண்டபடி டீசல் குடிக்க ஆரம்பித்தது. நான் திருடி விற்கிறேன் என்று முதலாளி அந்தப் பட்டறையிலேயே டயர் கழற்றும் இரும்பு லீவரால் என் முதுகைப் பிளந்தார்.

மெக்கானிக் லீவரைப் பிடுங்கினார். சைலன்சருக்குள் விரலை விட்டு, வந்த கரியை முதலாளியின் வெள்ளைச் சட்டையில் தேய்த்தார்.

"குவாரில கல்லு அள்ற பெரிய டம்பர் லாரில கழட்டுன டர்போங்க இது. அவ்ளோ பெருசைச் சுத்த நம்ம இன்ஜின் புகை பத்தாது. சுத்துனாதான இன்ஜினுக்குக் காத்து தள்ளும்? காத்து இல்லாம டீசல் பூரா கரியாப் போவுது. இவன் திருடல."

"பெருசா மாட்டுனா டீசல் மிச்சமாவும்னு நெனச்சேன்" என்றார் முதலாளி.

"நீங்க சொன்னீங்க. ஒத்துவராதுன்னு தெரிஞ்சே மாட்டுனவன் நான்." லீவரை என் கையில் திணித்தார். "என்னை அடிறா."

அடித்தேன். மெக்கானிக்கின் தோள் எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. தடுக்க அவர் கையைக்கூடத் தூக்கவில்லை.

முதலாளி பக்கத்திலேயேதான் நின்றிருந்தார். அவரை விட்டுவிட்டு இவரை ஏன் அடித்தேன்?